சொந்தக்காரர் தாள்

அந்த வருஷம் எங்கள் தெருவில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் வாசனை வந்தது. ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோனால் வருமே, அந்த வாசனை. முதலில் அவரவர் வீட்டுத் தொட்டியைச் சந்தேகப்பட்டோம். தேய்த்தோம், கழுவினோம், வெயிலில் காயவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரி சரியாகக் கழுவுவதில்லை என்று ஒருவரை ஒருவர் ஜாடையாகப் பேசிக்கொண்டோம். ஊர் முழுக்க இதே கதைதான் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி தீர்ந்த பிறகுதான் பயம் வந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டினால், துணியில் இளம்பச்சையாக ஒரு படலம் நின்றது. நான் தையல்காரி, துண்டுத் துணிக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. தெருவே என்னிடம் வந்து வாங்கிக்கொண்டு போயிற்று.

எங்கள் வீட்டுக்கும் மேப்பக்கா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மேப்பக்கா. நதிப் பாதுகாப்பு அலுவலகத்தில் மேப் போடுகிற வரைபட அறையில் வேலை, அதனால் வந்த பெயர். மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேர்கிற நிலம் முழுவதையும் பிரித்து, இது வயல், இது வீடு, இது பாறை, இது மரம் என்று கலர் போடுவது. இதற்கு ஒரு சம்பளமா என்று தெருவில் பலருக்கும் உள்ளுக்குள் ஓர் எரிச்சல் இருந்தது. தண்ணீர் கெட்ட பிறகு எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். ஏதோ அவளே ராத்திரி போய்ப் பாசியைக் கரைத்துவிட்டு வந்த மாதிரி.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். எதையும் தமாஷாகப் பேசித் தள்ளிவிட்டுப் போகிறவன். அவளுக்குத் தமாஷ் வராது. ஒரு விஷயம் மனசில் விழுந்தால் அது அடியில் போய்த் தங்கிவிடும்.

ஒருநாள் காலையில் பால்காரர் சைக்கிளை எங்கள் இரண்டு வாசலுக்கும் பொதுவாக நிறுத்தினார். எங்கள் குடிதண்ணீர் அணைக்குப் போய்ச் சேரும் ஓடை இரண்டு கையாகப் பிரிந்து வருகிறது; அதன் மேற்குக் கை ஓரமாக அவருக்கு மாட்டுக் கொட்டகை. வழக்கமாக மணியடித்துக்கொண்டே வருவார். அன்றைக்கு மணிச் சத்தமில்லை.

"மேப்பக்கா, உங்க ஆபீஸ்லேருந்து நேத்து ஆளுங்க வந்திருந்தாங்க."

"எங்க?"

"கொட்டகைக்குத்தான். ஒருத்தர் கேமரா வச்சிருந்தார். இன்னொருத்தர் என் மாட்டையே மொறைச்சுப் பாத்துட்டு நின்னார், அது ஏதோ அவரை முட்டிட்டு வந்து நிக்கிற மாதிரி. சாணி எங்க கொட்டுறே, மாடு எங்க தண்ணி குடிக்குது, மழை பேஞ்சா எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரே கேள்வி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். மழை பேஞ்சா பள்ளத்துக்குத்தான் ஓடும், மேட்டுக்கா ஓடும்? அது தப்பாப் போச்சு. மழை பிடிக்கறதுக்குள்ள மாட்டையெல்லாம் மேட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோயிடணுமாம். கொட்டகையை மூடணுமாம். மேட்டுக்கு அந்தாண்ட எனக்கு என்ன இருக்கு? என் மாமனார் வீடா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேப்பக்கா சிரிக்கவில்லை.

"ஏன் சார் எங்கிட்ட மட்டும் வர்றீங்கன்னு கேட்டேன். அதுக்கு கேமராக்காரர் சொல்றார், ஓடைக்கு ரெண்டு கை. கிழக்குக் கை முழுக்க மரம். மரம் நிக்கிற பக்கத்துலேருந்து தண்ணி சுத்தமாத்தான் வரும். மேற்குக் கையில நீ இருக்கே. அப்ப நீதான். படமே சொல்லுதேங்கறார். படம் என்னக்கா சொல்லுது? நீங்கதானே போடுறீங்க?"

அவள் பிடித்திருந்த பாத்திரம் சாய்ந்து பால் படியில் கொட்டியது. பால்காரர் பதறிப்போய்ப் பாத்திரத்தை நிமிர்த்தி, சிந்தியதற்குக் கணக்குப் பார்க்காமல் மறுபடி ஊற்றினார். அவள் அதைக்கூட கவனிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் டிரைவரின் சட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பட்டன் தொங்குகிறது என்றாள். இழுத்துப் பார்த்தேன். பட்டன் கெட்டியாகத்தான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் நூலைக் கோர்த்து அதன்மேலேயே தைக்க ஆரம்பித்தேன்.

"கிழக்குக் கையில யார் இருக்கா, தெரியுமில்ல?"

"உங்க அண்ணன்."

"எங்க அண்ணன். நர்சரி."

"நர்சரின்னா செடிகொடிதானே. மரம்னு போட்டா என்ன குடி முழுகிப் போச்சு? ரெண்டும் பச்சைதானே?"

"ரெண்டும் பச்சைதான். அதான் வினை." குரலைத் தாழ்த்தினாள். "நாத்துக்கு வெயில் படக்கூடாதுன்னு மேல பச்சை வலை கட்டியிருக்கார் இல்லையா? மேலேருந்து எடுத்த படத்துல அது மரக்கூட்டம் மாதிரி விழுந்திருக்கு. வலைன்னா ஓரம் நேர்க்கோடா இருக்கும், பாத்தவுடனே தெரிஞ்சிடும். எங்க அண்ணன் கம்பத்தைக் கோணல்மாணலா நட்டு, ஓடை வளையற பக்கமெல்லாம் வலையையும் வளைச்சுக் கட்டியிருக்கார். ஓரத்துல கொடி வேற ஏறியிருக்கு. போட்டவர் மரம்னு போட்டுட்டார்."

"நீ போடலையா?"

"எங்க ஆபீஸ்ல அப்படி விட மாட்டாங்க."

அப்புறம்தான் அந்த வழக்கத்தைச் சொன்னாள். வரைபட அறையில் நிலத்தைத் தாள் தாளாகப் பிரித்து மேசைக்கு மேசை கொடுப்பார்களாம். ஒரு தாளில் தன் வீட்டு நிலமோ, உறவுக்காரர் நிலமோ இருந்தால் எழுந்து சொல்லிவிட வேண்டும். அந்தத் தாள் வேறு மேசைக்குப் போய்விடும். அதற்குப் பெயரே சொந்தக்காரர் தாள். யாரும் யாருக்கும் சலுகை செய்யக்கூடாது என்பதற்காக. அவள் அண்ணனின் தாள் கண்ணாடிக்காரர் மேசைக்குப் போயிருக்கிறது. அவர் தடித்த மூக்குக்கண்ணாடியும் தங்கமான மனசும் உள்ளவர். அன்றிலிருந்து அந்தத் தாள் பக்கம் இவள் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போது தண்ணீர் கெட்ட பிறகு எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேர்த்துச் சுவரில் பெரிசாக ஒட்டியிருக்கிறார்கள். அதில் பார்த்தால் அண்ணன் நிலம் கரும்பச்சையாக இருக்கிறது.

"மரம்னா வேர் பிடிச்சு வச்சுக்கும். மழைத் தண்ணிய மெதுவா விடும், அழுக்கை நிறுத்திக்கும். அதனாலதான் மரம்னு போட்ட இடத்துக்கு யாரும் பரிசோதனைக்கே போறதில்லை. நர்சரியில அப்படியா? நாத்துத் தட்டுக்கெல்லாம் உரத்தண்ணி ஊத்தறாங்க. பாதி அடியில ஒழுகி, வாய்க்கால்ல எறங்கி, நேரா ஓடைக்குப் போகுது. அந்த உரத்தைத் தின்னுட்டுத்தான் அணையில பாசி வளருது."

"அப்ப நம்ம துணியில நிக்கிறது?"

"எங்க அண்ணன் போட்ட உரம்தான்."

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. இத்தனை நாளாக அந்தத் துணிகளைத் தெருவுக்கே தானம் செய்துகொண்டிருந்தவள் நான்.

"பால்காரர்?"

"அவர் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு. மாடு ஓடைக்குள்ளயே எறங்குது. ஆனா இவ்வளவு பாசிக்கு அந்த மாடுங்க பத்தாது." சட்டையை வாங்கி மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். "சொன்னா அண்ணன் போச்சு. சொல்லாட்டி அவர் போச்சு. எனக்குச் சோறு எறங்கல."

அண்ணன் என்றால் அவளுக்கு வெறும் அண்ணன் இல்லை. அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டார்கள். அவர்தான் படிப்பை விட்டுவிட்டு ஊரான் நர்சரிகளில் நாற்றுத் தட்டு கழுவி, மண் சலித்து இவளைப் படிக்கவைத்தவர். இவள் பரீட்சைக்குப் படிக்கும்போது தூங்கிவிடாமல் இருக்க எதிரே உட்கார்ந்து அவரும் முழித்திருப்பாராம். இந்தக் கதையை டிரைவர் என்னிடம் பலமுறை கிண்டலாகச் சொல்லியிருக்கிறான், "பரீட்சை எழுதினது இவ, கண்ணு கெட்டது மச்சானுக்கு" என்று.

அன்று சாயங்காலம் டிரைவர் வேலை முடிந்து வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு வேகும் வாசனை. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் மெஷின் சத்தத்தில் காது வலிக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

"இதுல நீ செய்யறதுக்கு என்ன இருக்கு? தாள் உன் மேசைக்கு வரலை. நீ பாக்கலை. கண்ணாடிக்காரருக்குக் கண்ணு தெரியலை. முடிஞ்சுது."

"பாத்துட்டேனேங்க. சுவர்ல ஒட்டியிருக்கே."

"சுவத்தைப் பாக்காதே. என்னை மாதிரி முன்னாடி பாத்து வண்டிய ஓட்டு."

"முன்னாடி பால்காரர் நிக்கிறார்."

கிழங்குத் தோல் உரிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

"சரி, நீ சொல்றேன்னு வையி. மச்சான் மூஞ்சில எப்படி முழிப்பே? என்னை விடு, எனக்கு வெட்கம் மானம் கெடையாது, நான் அவர் வீட்ல போய்ச் சாப்பிட்டுட்டே வந்துடுவேன். நீ?"

"அதான் கேக்கறேன். நான் என்ன செய்யட்டும்?"

"மழை வரட்டும். அடிச்சுட்டுப் போயிடும் எல்லாத்தையும்."

"மழை வந்தாதாங்க மொத்த உரமும் எறங்கும். அணைக்குத்தான் போகும். அப்புறம் வடிகட்டினாலும் குடிக்க முடியாது."

டிரைவர் வாயில் அதற்கு மேல் தமாஷ் வரவில்லை. "மொதல்ல அவர்கிட்டயே சொல்லு" என்றான். "அடுத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு." அவனிடம் இப்படி ஒரு பேச்சு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டாள். தனியாகப் போகப் பயம். ரோஜாத் தொட்டி வாங்குகிற சாக்கில் நானும் போனேன். வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது. காற்றில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் ஓடையின் கிழக்குக் கை. தண்ணீர் மேலோட்டமாகத் தெளிவாகத்தான் இருந்தது. கல்லில் மட்டும் பச்சையாக மயிர் மயிராய் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. மேப்பக்கா அதைப் பார்க்காமல் நடந்தாள்.

வலைக்கு அடியில் நுழைந்தால் உலகமே பச்சையாகிவிடுகிறது. கை, முகம், உடுத்தியிருக்கும் துணி எல்லாம் பச்சை. வரிசை வரிசையாகக் குழித்தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு நாற்று, இரண்டே இலையோடு. மழைக்காலம் பிறந்ததும் எடுத்து நட ஆள் வந்துவிடும். ஆகவே அந்தச் சமயத்தில் நர்சரியில் மூச்சுவிட நேரமிருக்காது. அண்ணன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டுகளின் மேல் தண்ணீரைப் பூவாகத் தூவிக்கொண்டிருந்தார். அண்ணி பீப்பாயில் உரத்தைக் கொட்டிக் கம்பால் கலக்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போனால் கண் எரிந்தது.

"வா பாப்பா! என்ன இளைச்சுட்டே? மாப்ள சாப்பாடு போடறதில்லையா?" என்றார் அண்ணன். என்னைப் பார்த்து, "வாங்க வாங்க, தோட்டம் போடப் போறீங்களா?"

"தோட்டம் போட எங்க வீட்ல இடம் ஏது? ஒரே ஒரு ரோஜா" என்றேன்.

"ரோஜா வாங்கறவங்க எல்லாம் முதல்ல ஒண்ணேஒண்ணுதான் கேப்பாங்க." அவர் சிரித்தார். நல்ல மனிதர். அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

மேப்பக்கா கீழ் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு மிகவும் கிட்டே, புதுக் கம்பங்களில் கட்டிய வலை. தட்டுகளின் அடியிலிருந்து ஒழுகியது சின்ன வாய்க்காலில் சேர்ந்து ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இந்தத் தண்ணி எங்க போகுது?"

"எங்க போகும்? ஓடைக்கு."

"உரம் கலந்த தண்ணியா?"

"பின்ன, பன்னீரா?"

"அண்ணா, ஆபீஸ்ல உன் நிலத்தை மரம்னு போட்டிருக்கு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவர் திடுக்கிடுவார் என்று பார்த்தேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தார்.

"அது எனக்குத் தெரியுமே" என்றார் மெதுவாக.

"தெரியுமா?"

"ரொம்ப நாள் முந்தி ஒருத்தர் கையில படத்தோட வந்தார். இங்க பாக்கறார், படத்தைப் பாக்கறார். இங்க காடுன்னு போட்டிருக்கே, வழி தப்பிட்டேனோன்னார். ஆமா சார் தப்பிட்டீங்க, காடு இன்னும் மேல இருக்குன்னு சொல்லி, டீ குடுத்து அனுப்பினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட என்னத்த சொல்றது? போட்டவளே நீ." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இன்னும் தாழ்த்தினார். "வெளிய வாய் திறந்தா உன் வேலைக்கு ஆபத்து. அதனால உங்க அண்ணிகிட்டகூட நான் மூச்சு விடலை. எத்தனை நாள் நெனைச்சிருக்கேன் தெரியுமா? நான் படிக்கவச்சதுக்கு என் தங்கச்சி எனக்குச் செஞ்சுட்டான்னு."

மேப்பக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் அந்தத் தாளைத் தொட்டதே இல்லண்ணா. சொந்தக்காரங்க நிலம்னா எங்களுக்குத் தரமாட்டாங்க, வேற மேசைக்குப் போயிடும். போட்டது வேற ஒருத்தர். வலையை மரம்னு நெனைச்சுப் போட்டுட்டார். தப்பு."

"நீ போடலையா?"

"இல்ல."

அவர் நின்ற இடத்திலிருந்தே கீழ் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். புதுக் கம்பங்கள். "அது அதுக்கப்புறம் போட்டதுதான் பாப்பா" என்றார். "தண்ணிக்கு அவ்வளவு கிட்ட போடத் துணிவு வந்தது எதனால? நீ இருக்கேன்னுதான்."

அண்ணி கலக்குவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

"ஓடை கெட்டுப் போச்சுண்ணா. எங்க வீட்டுக் குழாய்ல பாசி வருது. மழை பேஞ்சா இங்க இருக்கற மொத்தமும் எறங்கிடும்."

"சரி, நீ போடல. யாரோ தப்பாப் போட்டான். இப்பவும் நீ சும்மா இருந்தா போதுமே? புதுசா உன்னை எதுவும் செய்யச் சொல்லலையே நான்."

"பால்காரர் கொட்டகையை மூடச் சொல்லிட்டாங்க. அவர் மாட்டை வித்துடுவார்ண்ணா."

"பால்காரரா உன்னைப் படிக்கவச்சார்?"

அந்த வார்த்தை வெளியே வந்ததும் அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் வந்துவிட்டது. மேப்பக்காவுக்குக் கண் நிறைந்தது.

"நீ படிக்கவச்சதாலதாண்ணா வலைக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியுது."

"தெரிஞ்சுக்கோ. நல்லாத் தெரிஞ்சுக்கோ. போய்ச் சொல்லு. நாத்து எல்லாம் கையில நிக்கிற நேரத்துல வந்து பிரிச்சுப் போடச் சொல்லு. சொல்லிட்டு இந்தப் பக்கம் வராதே."

அவர் குழாயை எடுத்துக்கொண்டு மேல் வரிசைக்குப் போய்விட்டார். அண்ணி கம்பைப் பீப்பாயில் சாத்திவிட்டு வந்தாள். "அந்தக் கீழ் வரிசை நாறுதுன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன். காதுல போட்டுக்கலை. ஏன் போட்டுக்கலைன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். பிறகு, "அவிச்ச பயறும் ரொட்டியும் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டோம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தோம். ரோஜாத் தொட்டியை நான் மறந்தே போனேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் கண்ணாடிக்காரரிடம் போயிருக்கிறாள். அவர் தாளை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, திருதிருவென்று விழித்திருக்கிறார். "வலைதாம்மா. வலையேதான். நான் எப்படி..." என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அவரைப் பார்க்கவும் இவளுக்குப் பாவமாக இருந்திருக்கிறது. யாரைக் காப்பாற்றப் போனாலும் இன்னொருவர் காலில்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். கடைசியில் அவரே எழுந்து, "வா, நானும் வர்றேன்" என்று இன்ஜினியர் அம்மா அறைக்கு இவளோடு போனார்.

இன்ஜினியர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவளிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்களாம்.

"இது உங்களுக்கு எப்போதிலேருந்து தெரியும்?"

"சுவர்ல ஒட்டின அன்னைக்கு."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அண்ணன், மேடம்."

அந்த அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது என்றாள். பால்காரருக்கு எழுத்தில் போகவிருந்த உத்தரவு மேசையிலேயே நின்றது. இரண்டு கையிலும் தனித்தனியாகத் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது, நிலத்தை நேரில் போய் அளப்பது என்று முடிவானது. கிழக்குக் கைத் தண்ணீரின் முடிவு வந்தபோது யாரும் அவளிடம் சொல்லவில்லை. சுவர்ப் படத்துக்கு முன்னால் எல்லோரும் கூடி நின்றதிலிருந்து, கெட்டது கிழக்குக் கைதான் என்று அவளே தெரிந்துகொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் நாங்கள் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். டிரைவர் காலையில் வண்டி எடுக்கும் முன்னால் அண்ணாந்து பார்ப்பான். பால்காரர் கேனை இறக்கும்போது பார்ப்பார். மழை வேண்டாம் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? வேண்டிக்கொண்டோம். மேப்பக்கா கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க மறந்து அப்படியே நிற்பாள். தெரு ஆட்கள் பேச்சு கொடுத்தால் பதில் பாதியில் நின்றுவிடும். அண்ணன் வீட்டிலிருந்து வாராவாரம் வரும் அவரைக்காய்ப் பை அந்த வாரம் வரவில்லை.

அளக்கப் போன அன்று தூறல் ஆரம்பித்துவிட்டது. சொந்தக்காரி என்பதால் இவள் நிலத்துக்குள் கால் வைக்கக்கூடாது. ஆனால் வீட்டிலும் இருக்க முடியவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு வந்து பாலத்தின் மேல் நின்றாள். ஒரே குடை. அவள் தோள் நனைவது அவளுக்குத் தெரியவில்லை.

பாலத்திலிருந்து நர்சரி நன்றாகத் தெரிந்தது. கீழ் வரிசையில் வலையைக் காணோம். கம்பங்கள் மட்டும் நின்றன. தட்டுகளும் இல்லை. மேல் பக்கம் பாதையோரமாக, வாசல் திண்டு, சைக்கிள் கொட்டகை, கோழிக்கூட்டின் கூரை என்று கிடைத்த இடத்திலெல்லாம் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இந்த வேலையை அண்ணனும் அண்ணியும் தனியாகச் செய்திருக்க வேண்டும். வாய்க்காலின் வாயில் மண்ணைக் கொட்டி அடைத்திருந்தது.

"யார் பிரிக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலையே. இன்னைக்குத்தானே அளக்கறாங்க."

கண்ணாடிக்காரர் ஓடைக்கரையில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்து நின்றார். கண்ணாடியில் மழைத் துளி. மறு முனையைப் பிடிக்க வந்த ஆள் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அவரைத் தூக்கிவிட்டு, நாடாவைத் தானே வாங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார். கரையிலிருந்து நாடா முழு நீளமும் எட்டுகிற இடம்வரை இனி நர்சரி கூடாது; அதைத்தான் அளந்தார்கள். நாடாவைக் கொஞ்சம் தளர விட்டால், ஒரு புதரைச் சுற்றிக் கொண்டுபோனால், அவருக்கு ஒரு பாத்தியாவது மிஞ்சும். தினமும் துணி அளக்கிறவள் நான், நாடாவில் என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியும். அவர் புதருக்குள் நேராக நுழைந்தார். நாடா விறைப்பாக நிற்கும்வரை இழுத்துப் பிடித்து, நின்ற இடத்தில் குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தார். கோட்டுக்குக் கீழே அவருடைய நல்ல நிலம் எல்லாம் வந்துவிட்டது.

மேப்பக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது.

இன்ஜினியர் அம்மா அவரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். கையால் காட்டியதிலிருந்து புரிந்தது. கோட்டுக்குக் கீழே இனி வலை இல்லை, மரமும் புதரும்தான். கோட்டுக்கு மேலே ஒரு குழி வெட்டி உரத்தண்ணீரை அதில் தேக்க வேண்டும். தேங்கியதை மறுபடி தட்டுக்கே ஊற்றிக்கொள்ளலாம். பிறகு அவர்கள் ஜீப்பில் ஏறி மேற்குக் கைக்குப் போனார்கள். அங்கே பால்காரர் ஓடையோரம் வேலி போட வேண்டியிருக்கும், மாட்டுக்குத் தொட்டி கட்ட வேண்டியிருக்கும். ஆனால் கொட்டகையை மூட வேண்டியதில்லை.

அண்ணன் சேற்றுக் காலோடு பாலத்துக்கு ஏறி வந்தார். எங்களைப் பார்க்க வருகிறாரா, பஸ்ஸுக்கு வருகிறாரா என்று தெரியவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று தண்ணீரைப் பார்த்தார். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. நான் குடையை அவர் பக்கம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இப்ப உங்க படத்துல நான் என்ன கலரு?" என்றார், தண்ணீரைப் பார்த்தபடியே.

"மஞ்சள்" என்றாள் அவள். "பயிர் நிலம். ஓரத்துல மட்டும் பச்சை."

"அங்கதான் ஒண்ணும் இல்லையே. வெறும் கம்பம்தானே நிக்குது."

"இனிமே வளரணும்ண்ணா. கரையோரம் ரெண்டு கைக்கும் மரம் வைக்கப் போறாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். தொழில் தெரிந்தவரின் கண் அவருக்கு வந்துவிட்டது. கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஓடைக்கரையில எல்லா மரமும் நிக்காது. வேர் படர்ற ஜாதியாப் பாத்து வைக்கணும். கண்டதை வச்சா ஒரு வெள்ளத்துல போயிடும். நாத்து நானே போட்டுத் தர்றேன்னு சொல்லு."

"நீயே அவங்ககிட்ட..."

"நானே போட்டு, நானே நட்டும் தர்றேன்." அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "ஆனா பச்சை வளந்திருக்கா, படத்துல மாத்தலாமான்னு சரிபாக்க நீ வரவேணாம் பாப்பா. வேற யாரையாவது அனுப்பச் சொல்லு. அதான் உங்க வழக்கமாச்சே. சொந்தக்காரங்க தாளு வேற மேசைக்கு."

பாலத்தின் அந்த முனையில் டிரைவரின் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"சரிண்ணா" என்றாள் மேப்பக்கா.

அவள் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தவர்போல் அவர் இன்னும் கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றார்.